பிரசிடெண்ட் முகத்தில் ஒரு பங்கா

ஆறாங்கட்டைத் தோட்டத்தில் இப்போது ஒரு ரப்பர் மரம்கூடக் கிடையாது. பால்வெட்டுக் கிடையாது, ஸ்டோர் கிடையாது, லயத்து வீடுகளும் கிடையாது. துரை போனார், கணக்கெழுதிய கிராணி போனார், வேலை வாங்கிய மண்டோர் போனார். தோட்டத்தை விற்றவர்கள் போனார்கள். வாங்கியவர்கள் செம்பனை நட்டுப் பார்த்துவிட்டு, வீடு கட்டுகிற கம்பெனிக்கு விற்றுவிட்டு அவர்களும் போனார்கள். போகாமல் மிஞ்சியவை இரண்டு. ஒன்று மாரியம்மன் கோயில். இன்னொன்று அதன் பிரசிடெண்ட்.

பிரசிடெண்ட் தனேஸ்வரன் பத்தொன்பது வருடமாகப் பிரசிடெண்ட். வீட்டுக்குப் போன் செய்தால் அவர் மனைவி பாப்பாவே "பிரசிடெண்ட் குளிக்கிறாரு" என்றுதான் சொல்வார். வருடா வருடம் ஆண்டுக் கூட்டம் பூஜைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் நடக்கும். செயலாளர் எழுந்து, "பழைய நிர்வாகமே தொடரலாமா?" என்று கேட்பார். அந்த நேரம் பார்த்து யாரோ சாம்பார் அண்டாவின் மூடியைத் திறப்பார்கள். "தொடரலாம், தொடரலாம்" என்று எல்லாரும் இலையைப் பார்த்துக்கொண்டே சொல்வார்கள். சாம்பாருக்குக் கிடைத்த அந்த ஆதரவைத் தனேஸ்வரன் பத்தொன்பது தடவையும் தனக்குக் கிடைத்ததாகவே எடுத்துக்கொண்டார்.

அமெரிக்காவில் பிரசிடெண்ட் தேர்தல் நடந்த வாரத்தில் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. சந்தியில் இருக்கும் ஜைனுலாப்தீன் பாயின் சாப்பாட்டுக் கடையில் பெரிய டிவிக்கு நேர் கீழே உட்கார்ந்து, தேத்தாரிக் டீயை ஆற்றிக்கொண்டே அந்த நாட்டு மாநிலங்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"வெளியில இருந்து பாக்குறவனுக்குத் தெரியாது பாய். இந்தப் பிரசிடெண்ட் வேல இருக்கே, ராத்திரி தூக்கம் வராது."

"ஆமாண்ணே," என்றார் பாய். "அவருக்குக் கப்பல்படை இருக்கு, ஒங்களுக்கு இல்ல. மத்தபடி ரெண்டு பேருக்கும் ஒரே கஷ்டம்தான்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தனேஸ்வரனும் சிரித்தார். தன்னைப் பாராட்டியதாக நினைத்துக்கொண்டார்.

பக்கத்து மேசையில் மீ கோரேங் நூடுல்ஸ் பொட்டலத்துக்காகக் காத்திருந்த சரளா சிரிக்கவில்லை. இந்த ஊரில் ஆணென்று பிறந்த அத்தனை பேரும் ஒரு வாரமாக, தங்களுக்கு ஓட்டே இல்லாத தேர்தலுக்காகக் குரல் கம்மும்வரை சண்டை போட்டிருந்தார்கள். ஓட்டு இருக்கிற தேர்தல் வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில். அதைப் பற்றிக் கேட்டால், "ஒரு ஓட்டுல என்னா புள்ள ஆயிரும்?" என்கிறார்கள்.

சரளாவுக்கு இருபத்தெட்டு வயது. ஆறாங்கட்டையின் முதல் பட்டதாரி. தஞ்சோங் மாலிமில் நாலு வருடம் படித்து ஆசிரியர் பட்டம் வாங்கி, இன்றைக்கு ஈப்போவில் ஒரு காப்புறுதிக் கம்பெனியில் போன் எடுத்து, கார் மோதியவர்களிடம் திட்டு வாங்குகிறாள். பட்டம் வாங்கிய அன்று தனேஸ்வரன் கோயிலில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். பேப்பரில் வந்த படத்தில் பொன்னாடையும் பிரசிடெண்டும் தெளிவாகத் தெரிந்தார்கள். சரளாவின் காது தெரிந்தது.

அவளைப் படிக்க வைத்தது தோசை. அவள் அம்மா இருளாயி கோயில் வாசலில், கோயில் நிலத்தில், தகரக் கூரை போட்டுத் தோசைக் கடை வைத்திருந்தாள். வாய் வார்த்தையாகப் பிரசிடெண்ட் கொடுத்த அனுமதி. அதற்கு நன்றியாகப் பிரசிடெண்ட் தினமும் இரண்டு தோசை சாப்பிடுவார். காசு கொடுத்து அவளை அவமானப்படுத்த மாட்டார்.

இப்போது அந்தக் கடைக்குத்தான் வேட்டு. வீடு கட்டுகிற கம்பெனிக்குக் கோயில் இருக்கும் சாலையோர நிலம் வேண்டுமாம், கடைவீடு கட்ட. பதிலுக்குப் பின்னால், மூன்று தாமான் குடியிருப்புகளின் கழிவுநீர் வந்து சேரும் குளத்துக்குப் பக்கத்தில், நிலம் தருவார்களாம். தேர்தலுக்கு மறுநாள், திங்கட்கிழமை, பிரசிடெண்ட் கையெழுத்துப் போடுவதாக இருந்தார்.

"அம்மனுக்குக் காத்தோட்டமா இருக்கும்லா," என்றார் தனேஸ்வரன்.

காற்று இருக்கும். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

"தாயி அங்கயும் போயி உக்காந்துக்கும், அது கல்லு," என்றாள் இருளாயி. "அந்த நாத்தத்துல வந்து தோசை திங்கிறது யாரு?"

இதை அவள் வீட்டுக்குள் சொன்னாள். வெளியே பிரசிடெண்டைக் கண்டால், "வாங்கண்ணே, சூடா இருக்கு" என்றுதான் சொன்னாள். ஐம்பத்தைந்து வயதுக்குள் அவள் கற்றுக்கொண்ட அரசியல் அவ்வளவுதான்.

வெளியே சொன்னது வீரம்மா. கமுந்திங் தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் பேக்டரி பஸ்ஸை ஓட்டுகிறவள். நாற்பது பேர் தூங்கிக்கொண்டிருக்கும் பஸ்ஸை நெடுஞ்சாலையில் ஓட்டிப் பழகியவளுக்கு, தூங்கிக்கொண்டிருக்கும் கோயில் கமிட்டி பெரிய பாரமாகத் தெரியவில்லை. "நான் நிக்கிறேன் பிரசிடெண்டுக்கு" என்று தோசைக் கடை முன்னால் நின்று அவள் சொன்னபோது, சட்னி ஊற்றிக்கொண்டிருந்த இருளாயி பயத்தில் பக்கத்துத் தட்டிலும் சேர்த்து ஊற்றினாள்.

சரளாவுக்கு அது போதும். கை தூக்குகிற தேர்தலில் இந்த ஊர் யாருக்குக் கை தூக்கும் என்று அவளுக்குத் தெரியும். சங்கப் பதிவு அலுவலகத்துக்கு எழுதி, சட்டவிதியைத் தேடி எடுத்து, இரகசிய ஓட்டு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். தேர்தலுக்கு முந்திய ஒரு மாதம் வீடு வீடாகப் போனாள்.

"ஒரு ஓட்டு சரளா. ஒண்ணு. அத வச்சி நாக்கக்கூட வழிக்க முடியாது," என்றார்கள்.

பொதுத் தேர்தலில் அவள் முதன்முதலாக ஓட்டுப் போட, தஞ்சோங் மாலிமிலிருந்து மூன்று பஸ் மாறி வந்தாள். மையை ஒரு வாரம் கழுவாமல் வைத்திருந்தாள். அவள் ஓட்டுப் போட்டு வந்த அரசாங்கம் இரண்டு வருடத்தில், அவளை ஒரு வார்த்தை கேட்காமல், ஒரே வாரத்துக்குள் மாறிப்போனது. அதையெல்லாம் யோசித்தால் நாக்கு வழிக்கிற கட்சியில்தான் சேர வேண்டியிருக்கும். ஆனால் அம்மாவின் தோசைக் கல்லைக் குளத்தங்கரையில் நினைத்துப் பார்த்தாள். "எனக்காகப் போடுங்க," என்று பொய்க் கோபத்தோடு கெஞ்சினாள்.

ஓட்டுப் பெட்டி விஷயத்தில் முதல் சண்டை வந்தது. பதிவு அலுவலகத்திலிருந்து வந்த மலாய்க் கடிதத்தில் 'பெத்தி உண்டி' வைக்க வேண்டும் என்று இருந்தது. மலாயில் பெத்தி என்றால் பெட்டி, உண்டி என்றால் ஓட்டு. ஆனால் கோயில்காரருக்கு உண்டி என்றால் வேறு என்ன? தனேஸ்வரன் அம்மன் சன்னதியில் இருந்த உண்டியலைத் துடைத்து மண்டபத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

"கவர்மெண்டே உண்டின்னுதான் போட்டிருக்கான். மூணு பூட்டு இருக்கு, பாரு."

"மலாய்ல உண்டின்னா ஓட்டு, நமக்கு உண்டின்னா சாமி காசு மாமா."

"அதனால என்னா?"

"ஒண்ணுமில்ல. ரெண்டும் கடைசியில ஒங்க கைக்குத்தானே வரப்போவுது," என்றாள் சரளா.

அந்த வாய்க்குத் தண்டனையாக உண்டியலே ஓட்டுப் பெட்டி என்று முடிவாயிற்று. ஓட்டுத் தாளைச் செய்யும் வேலை மட்டும் சரளாவுக்குக் கிடைத்தது. அதில் அவள் தன் நாலு வருடப் படிப்பையும் காட்டினாள். ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கண் தெரியாது, மீதிப் பாதியில் பாதிக்கு எழுத்தே தெரியாது. ஆகவே தாளில் வேட்பாளர் இருவரின் கலர்ப் படத்தையும் பெரிதாகப் போட்டாள். கட்டம், வட்டம் ஒன்றும் வேண்டாம், பிடித்தவர் படத்தின் மேலேயே ஒரு பங்கா போட்டால் போதும். பங்கா என்றால் பெருக்கல் குறி. இந்த நாட்டில் தேர்தல் என்றால் அதுதான். பொதுத் தேர்தலில் கட்சிச் சின்னத்துக்குப் பக்கத்தில் பங்கா போட்டு எல்லாருக்கும் பழக்கம். இதைவிட எளிதாக ஜனநாயகத்தைச் செய்துகொடுக்க யாராலும் முடியாது என்று சரளா நினைத்தாள். பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் இப்படி நினைக்கிறபோது ஊர் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈப்போவிலிருந்து பூபாலசிங்கம் வந்தார். நில அலுவலகத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துத் தமிழர். தேர்தல் அதிகாரியாக அவரை இரு தரப்பும் ஒத்துக்கொண்டதற்குக் காரணம், அவர் இரு தரப்பையும் ஒரே அளவு மட்டமாக நினைப்பார் என்ற நம்பிக்கை.

எழுபத்தொன்பது பேர் வந்து கையெழுத்துப் போட்டார்கள். ஒவ்வொருவராக வேட்டித் திரைக்குப் பின்னால் போய் வந்தார்கள். உண்டியலைக் கண்டதும் பழக்க தோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சிலர் ஓட்டோடு சேர்த்து ஒரு வெள்ளி நோட்டும் போட்டார்கள். இருளாயி திரைக்குப் பின்னால் ரொம்ப நேரம் இருந்தாள். வெளியே வந்து, உண்டியல் முன்னால் கண்ணை மூடி நின்று, முந்தானையில் என்னவோ செய்துவிட்டு நகர்ந்தாள்.

உண்டியலைக் கவிழ்த்தபோது ஓட்டுகளோடு காசு விழுந்தது, குங்குமம் விழுந்தது, 'தாயே என் மகனுக்கு நல்ல புத்தி கொடு' என்று பழைய சீட்டு ஒன்றும் விழுந்தது. "இது ஆருக்கு விழுந்த ஓட்டு?" என்று பூபாலசிங்கம் கேட்டார். யாரும் உரிமை கொண்டாடவில்லை.

எண்ணும்போது சரளா பக்கத்தில் நின்றாள். பங்காக்கள் பலமாக இருந்தன. சில தாள்கள் கிழிந்தே போயிருந்தன. ஒன்றில் தனேஸ்வரனின் இரண்டு கண்ணிலும் பேனாவால் குத்தி, அதன் மேல் பங்கா. என்ன ஆர்வம் என்று சரளா பல்லைக் கடித்தாள். அதையும் தனேஸ்வரன் கணக்கில் சேர்த்தார்கள். அவர் நன்றியோடு தலையை ஆட்டினார்.

கடைசியில் தனேஸ்வரன் முப்பத்தெட்டு. வீரம்மா முப்பத்தெட்டு. இரண்டு படத்திலும் பங்கா போட்ட இரண்டு தாள்கள் செல்லாது.

தனேஸ்வரன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"சமமா வந்தா சட்டத்துல என்னா இருக்கு சார்? கூட்டத் தலைவருக்கு இன்னொரு ஓட்டு."

"இருக்குத்தான்," என்றார் பூபாலசிங்கம் விருப்பமில்லாமல்.

"கூட்டத் தலைவரு நான்தானே? என்னோட ரெண்டாவது ஓட்ட எனக்கே போடுறேன்."

"ஊருக்கெல்லாம் ஒரு ஓட்டு, இவருக்கு ரெண்டா?" என்று கத்தினாள் வீரம்மா.

"பிரசிடெண்டுன்னா சும்மாவா லா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தனேஸ்வரனின் மச்சான்.

சரளா அதற்குள் கூட்டிப் பார்த்துவிட்டாள். "சார், எழுவத்தெட்டு தாள்தான் இருக்கு. எழுவத்தொம்பது பேரு கையெழுத்து. ஒரு ஓட்டக் காணோம்!"

"ஒண்ணுதானே," என்றார் தனேஸ்வரன்.

"அந்த ஒண்ணுதான் மாமா இப்ப பிரசிடெண்ட்! அத எண்ணாம ஒங்களுக்கு ரெண்டாவது ஓட்டு கெடையாது. சார், ஒருத்தரு ஓட்டு விடுபட்டாலும் இந்தத் தேர்தலு செல்லாது. ஒவ்வொரு ஓட்டும் முக்கியம்!"

இதைச் சொல்லும்போது அவள் குரல் மண்டபத்தின் தகரத்தில் பட்டுத் திரும்பியது. பூபாலசிங்கமே நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிள்ளை சொல்லுறது சரி. ஓட்டுத் தாளை ஆர் வைச்சிருக்கிறியளோ, மடிச்சபடி கொண்டுவந்து தாருங்கோ. எண்ணுறன்."

யாரும் அசையவில்லை. பெண்கள் பக்கத்தில், தூணோரத்தில், இருளாயி முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சரளா ஓடிப்போய்க் குனிந்தாள். "அம்மா! குடுமா அத! ஏன் போடல?"

"மெதுவா பேசு," என்று இருளாயி கிசுகிசுத்தாள். "போட மனசு வரலடி. பங்கா போட்ட மூஞ்சிய தாயி உண்டியல்ல போட்டா அந்தக் குடும்பத்துக்கு ஆவுமா? செய்வினை மாதிரியில்ல இருக்கு. நான் வேணாம்னுதான் பங்கா போட்டேன். நாசமா போவட்டும்னா போட்டேன்?"

"யாரு மூஞ்சியிலமா போட்ட?"

"கேக்குறா பாரு. பிரசிடெண்டு மூஞ்சியிலதான். பின்ன வீரம்மா மூஞ்சியிலயா போடுவாங்க? நல்லா வாழுற பொண்ணு."

கட்சிச் சின்னத்துக்கு முகம் கிடையாது, குடும்பம் கிடையாது. பங்கா போட்டால் அதற்கு வலிக்காது. மனுசர் முகத்தில் பங்கா போடுவது என்றால் வேண்டாம் என்றல்லவா அர்த்தம்? கிழிந்த தாள்களும் குத்துப்பட்ட கண்களும் சரளாவுக்கு இப்போதுதான் புரிந்தன. படம் போட்டது அவள். பெரிதாகப் போட்டதும் அவள். எண்ணித்தான் ஆக வேண்டும் என்று தகரம் அதிரக் கத்தியதும் அவளேதான். இப்போது இந்தத் தாளைக் கொடுத்தால் தனேஸ்வரன் ஒரு ஓட்டில் ஜெயிப்பார். கொடுக்காவிட்டால் தன்னுடைய இரண்டாவது ஓட்டில் ஜெயிப்பார். ஒரு ஓட்டுக்கு என்ன மதிப்பு என்று கேட்டவர்களையெல்லாம் கூப்பிட்டு இதைக் காட்டியிருக்கலாம்.

"சார்," என்றாள் சரளா. "தப்பு என்னோடது. படத்து மேல பங்கா போடச் சொன்னது தப்பு. எங்கம்மா வேண்டாதவங்க மேல போட்டிருக்காங்க. இன்னும் எத்தன பேரு அப்படிப் போட்டாங்களோ தெரியாது. இந்த எண்ணிக்கையே சரியில்ல."

மண்டபம் கொதித்தது. "தோக்கப் போறோம்னு தெரிஞ்சதும் கதை வுடுது பாரு!" என்றார் மச்சான். "படிச்ச புள்ளன்னா இதுதான்!"

தனேஸ்வரன் கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார். பெண்கள் பக்கம் வந்து நின்றார். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக இருளாயியைத் தங்கச்சி என்று கூப்பிட்டார்.

"பயப்படாத தங்கச்சி. கோயில் வாசல்ல இத்தன வருசமா கடை போட்டிருக்க. நான் ஒண்ணும் சொன்னதில்ல. இன்னமும் சொல்ல மாட்டேன். எல்லாரு முன்னாலயும் சொல்லு. என் படத்துலதானே பங்கா போட்ட?"

கேள்வியில் இருந்த தோசைக் கடை எல்லாருக்கும் கேட்டது. இருளாயி மகளைப் பார்த்தாள். பூபாலசிங்கத்தைப் பார்த்தாள். மெல்ல எழுந்து நின்றாள்.

"ஆமாண்ணே. ஒங்க மூஞ்சியிலதான் போட்டேன்."

கைதட்டல் கிளம்பியது. தனேஸ்வரன் கைகூப்பினார். கைதட்டல் ஓயும்வரை இருளாயி நின்றுகொண்டே இருந்தாள். அவளுக்கு இன்னும் பேசி முடியவில்லை.

"வேணாம்னு போட்டேன்," என்றாள். "அந்தக் கொளத்தோரம் கோயில கொண்டுபோனா நான் எங்கண்ணே போவேன்? தெனம் ரெண்டு தோச திங்கிறீங்க, ஒரு நாளாவது எங்கிட்ட கேட்டீங்களா? அதான் வேணாம்னு போட்டேன். ஒங்க குடும்பத்துக்கு ஆவாதுன்னு உண்டியல்ல மட்டும் போடல."

கூப்பிய கை அப்படியே நின்றது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பின் வரிசையில் ஒரு கிழவி, "நாங்களும் அப்படித்தானே போட்டோம். பின்ன எப்படிப் போடுறதாம்?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள், மண்டபத்துக்கே கேட்கிற இரகசியக் குரலில்.

இந்த இடத்தில் தனேஸ்வரன் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். பங்கா என்றால் பங்கா, சட்டம் என்றால் சட்டம் என்று சொல்லியிருந்தால் பூபாலசிங்கமும் வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டிருப்பார். ஆனால் பத்தொன்பது வருடம் பிரசிடெண்டாக இருந்தவருக்கு ஒரு ஓட்டில் ஜெயிப்பது மரியாதையா? அவர் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"பாப்பா, நீ சொல்லு. நீ யாருக்குப் போட்ட?"

பாப்பா வெட்கப்பட்டுத் தாலியைத் தொட்டாள். "இதென்னா கேள்வி? தாலி கட்டுன புருசன் மூஞ்சியில பங்கா போடுவாங்களா? அந்த வீரம்மா மூஞ்சியிலதான் நல்லா பெருசா போட்டேன்."

"எங்க வீட்டு அக்கா, கொழுந்தியா?"

"எல்லாரும் அப்படித்தான். நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

தனேஸ்வரன் முகத்தில் கணக்கு ஓடுவது வெளியே தெரிந்தது. தன் வீட்டு ஓட்டெல்லாம் வீரம்மாவுக்குப் போயிருக்கிறது! அப்படியானால் உண்மையில் தனக்கு எவ்வளவு இருக்க வேண்டும்! முப்பத்தெட்டு எங்கே, ஐம்பது எங்கே!

"செல்லாது!" என்று அவரே கத்தினார். "இந்தத் தேர்தலு செல்லாது சார்! என் பொண்டாட்டி ஓட்டே மாறிப்போச்சி!"

"அப்ப என்னெண்டு திருப்பி வைக்கிறது?" என்றார் பூபாலசிங்கம்.

"பங்காவுக்குப் பதிலா, புடிச்சவங்க படத்துல குங்குமம் வச்சிரலாம்," என்றார் செயலாளர்.

"செத்தவன் படத்துக்கில்ல பொட்டு வைப்பாங்க!" என்று மூன்று பெண்கள் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பாப்பா மறுபடியும் தாலியைப் பிடித்துக்கொண்டாள்.

தனேஸ்வரனுக்குப் பொறுமை போய்விட்டது. "தாளும் வேணாம் ஒண்ணும் வேணாம். எனக்கு வேணுங்கிறவங்க இந்தப் பக்கம் நில்லுங்க, வீரம்மாவுக்கு வேணுங்கிறவங்க அந்தப் பக்கம். என் கண்ணு முன்னால நில்லுங்க பாப்போம்."

"மாமா, அது இரகசிய ஓட்டு இல்ல!" என்று சரளா குறுக்கே பாய்ந்தாள். அவர் எதற்காகக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியும். திரைக்குப் பின்னால் கண்ணைக் குத்தியவர்கள் அவர் கண் முன்னால் வீரம்மா பக்கம் காலெடுத்து வைக்க மாட்டார்கள்.

"கூட்டம் சம்மதிச்சால் சட்டத்தில இடம் இருக்கு," என்றார் பூபாலசிங்கம். "நீங்கள்தான் கேட்டனீங்கள் எண்டு மினிட்டில எழுதுறன், தனேஸ்வரன். சமமாய் வந்தால் உங்கட ரெண்டாவது ஓட்டு இருக்கோ?"

"தேவைப்படாது சார்," என்றார் பிரசிடெண்ட்.

கூட்டம் சம்மதித்தது. சம்மதிக்காதவர்கள் சொல்லவில்லை. பாப்பாவும் அக்காவும் கொழுந்தியாவும் மச்சானும் தனேஸ்வரன் பக்கம் போனார்கள். செயலாளர் போனார். இன்னும் சிலர் தரையைப் பார்த்துக்கொண்டே போனார்கள். வீரம்மா பக்கத்தில் வீரம்மா நின்றாள், சரளா நின்றாள். நடுவில் ஊரே நின்றது. யாருடைய மகனுக்குத் தனேஸ்வரன் வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் தர வேண்டியிருந்தது, யாருடைய கல்யாணத்துக்கு மண்டபம் வேண்டியிருந்தது என்பதெல்லாம் அந்த நடுவில் நின்றது.

இருளாயி இரண்டு பக்கமும் பார்த்தாள். "நான்தான் சொல்லித் தொலைச்சிட்டேனே," என்று யாரிடமோ சொல்வது போல் சொன்னாள். "இன்னமே என்னா மூடி மறைக்க?" செருப்பில்லாத காலோடு மண்டபத்தைக் குறுக்கே கடந்து வீரம்மா பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். தனேஸ்வரன் அவளையே பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் கால் திரும்பிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

பின் வரிசைக் கிழவி எழுந்தாள். "அவ போறா, நாம என்னாத்துக்கு இங்க நிக்கிறோம், முட்டி வலிக்குது," என்று பக்கத்தில் இருந்தவளை இழுத்துக்கொண்டு போனாள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். அப்புறம் எண்ண முடியவில்லை. எந்தப் பக்கம் கூட்டம் சேர்கிறதோ அந்தப் பக்கம்தான் தாங்கள் முதலிலிருந்தே இருந்ததாக முகத்தை வைத்துக்கொண்டு பலர் வந்தார்கள். தரையைப் பார்த்துப் போனவர்களில் இரண்டு பேர், அதே தரையைப் பார்த்துக்கொண்டே இந்தப் பக்கம் திரும்பி வந்தார்கள். ஒரு ஓட்டு நாக்கு வழிக்கக்கூட உதவாது என்று சொன்னவரும் அதில் இருந்தார். சரளா அவரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

வீரம்மா நாற்பத்து நாலு. தனேஸ்வரன் முப்பத்தைந்து. கணக்குப்படி இருளாயியின் ஓட்டு இல்லாமலும் வீரம்மா ஜெயித்திருப்பாள். இதை அன்று சாயந்தரம் சரளா அம்மாவிடம் சொன்னாள். படித்தவள், கணக்குச் சரியாக இருக்க வேண்டும் அவளுக்கு.

"அப்படியா?" என்றாள் இருளாயி. "அப்ப நான் நடந்தது வீண்தானா?"

பதிலுக்காக அவள் காத்திருக்கவில்லை. ஊறப் போட்ட அரிசியைக் கழுவத் தொடங்கியிருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் கம்பெனி ஆள் ஒருவன் கறுப்புக் கோப்போடு வந்து கோயில் வாசலில் இறங்கினான். டை கட்டிய தமிழ்ப் பையன். ஈப்போவிலிருந்து வந்த களைப்பு தெரிந்தது.

"அக்கா, பிரசிடெண்ட் வந்துட்டாரா?" என்று தோசைக் கடையில் கேட்டான்.

"வந்துருச்சி, போயிருச்சி. விடியாலயே பஸ்ஸ எடுத்துக்கிட்டுப் போயிருச்சி."

"பஸ்ஸா?"

"ஆமா. கமுந்திங்குக்கு. சாயந்தரம்தான் வரும்."

பையன் கோப்பைத் திறந்து பெயரைச் சரிபார்த்தான். "தனேஸ்வரன்தானே?"

"அவரு வூட்டுல இருக்காரு. போயி நல்லா இருக்கீங்களான்னு கேட்டுட்டு வா. கையெழுத்துக் கேக்காத, வருத்தப்படுவாரு."

பையன் போன் எடுத்தான், யாரிடமோ மெதுவாகப் பேசினான், திட்டு வாங்கினான். முகத்தைத் துடைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தான். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சரளாவுக்கு அந்த முகம் தெரிந்த முகமாக இருந்தது. தினமும் அவளுக்கும் அந்த முகம்தான்.

"எத்தன தோச தம்பி?" என்று இருளாயி கேட்டாள்.

"ரெண்டு போடுங்கக்கா."

"காசு குடுப்பியா?"

"ஏன்க்கா, குடுப்பேனே."

"கேட்டேன், அவ்வளவுதான்," என்று இருளாயி கல்லில் மாவை ஊற்றினாள்.